மலையில் ஏழு சுற்று

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும்போது பாதி நேரம் குன்னூருக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் போகிறோம். கல்லாறு தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவு வந்ததும் வண்டி சமவெளியைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறது. அடுத்த வளைவில் மறுபடி மலை முகம். பர்லியாற்றுப் பாக்குத் தோப்புகள் ஒருமுறை இடப்பக்கம் வருகின்றன, கொஞ்ச நேரத்தில் அதே தோப்புகள் வலப்பக்கம், இன்னும் தாழ்வாக. ரயில்காரர்களுக்கும் வேறு வழி இருக்கவில்லை. 326 மீட்டர் உயரத்திலிருந்து 2,203 மீட்டருக்கு ஏற நீலகிரி மலை ரயில் பாதை 46 கிலோமீட்டர் நீள்கிறது. வழியில் 208 வளைவுகள், 16 குகைகள். 1899இல் குன்னூர் வரைக்கும் வந்த ரயில் ஊட்டியைத் தொட 1908 ஆயிற்று.

வளைவுகளில் இவ்வளவு கவனம் போனதற்கு நான் போய்க்கொண்டிருந்த இடமும் ஒரு காரணம். கொலக்கம்பைப் பக்கம் சின்னதாகத் தேயிலை வைத்திருக்கும் அக்கா ஒருவர் (உறவில்லை, பழக்கத்தில் அக்கா) தன் வீட்டுக்குப் பின்னால் ஒரு லேபிரிந்த் (ஒரே வழியாகச் சுற்றிச் சுற்றி நடுவுக்குப் போகும் பாதை) கட்டுகிறேன், கல் அடுக்க ஆள் பத்தவில்லை, வா என்று கூப்பிட்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர். மகள் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தபோது சான் பிரான்சிஸ்கோவின் கிரேஸ் கதீட்ரலில் இப்படி ஒன்றில் நடந்துவிட்டு வந்தாராம். அங்கே அதைத் தொடங்கிவைத்தவர் லாரன் ஆர்ட்ரெஸ் என்ற பெண் பாதிரியார். பிரான்சில் சார்த்ர் தேவாலயத்தின் தரையில் பதின்மூன்றாம் நூற்றாண்டில் பதித்த 11 சுற்றுப் பாதையைப் பார்த்து, அதே அளவில் ஒரு துணியில் வரைந்து 1991இல் ஜனங்களை நடக்கவிட்டார். அதற்குப் பிறகு அமெரிக்காவில் ஆஸ்பத்திரி, சிறைச்சாலை, பூங்கா என்று எங்கு பார்த்தாலும் சுற்றுப்பாதைதான். மன அழுத்தம் குறையும், தூக்கம் வரும் என்று ஏகப்பட்ட வாக்குறுதிகள். எனக்கு இந்த மாதிரி வாக்குறுதிகள் மேல் நம்பிக்கை குறைவு. ஆனால் கல் அடுக்குவது பிடிக்கும்.

வீட்டுக்குப் பின்னால் முன்பு தேயிலை நாற்றங்கால் இருந்த சமதளம். நீலகிரியில் 30 அடிக்குச் சமதளம் கிடைப்பதே பெரிய சங்கதி. ஓரத்தில் சில்வர் ஓக் மரங்கள், அதற்குக் கீழே கவ்வாத்து வெட்டி மொட்டையாக நிற்கும் தேயிலைச் செடிகள். தேயிலையைச் செடி என்று சொல்வது ஒரு பழக்கம். கவ்வாத்துக்குப் பிறகு அடித்தண்டைப் பார்த்தால் அது இடுப்பளவுக்கு அடக்கி வைத்த மரம் என்பது தெரிந்துவிடும்; தொடை பருமனுக்கு முறுக்கிக்கொண்டு, பாசி பிடித்து, நம்மைவிட வயதில் மூத்ததாக நிற்கிறது. தோட்டத்தில் தோண்டும்போது வந்த கற்களையெல்லாம் அக்கா வருசக்கணக்காக வேலியோரம் குவித்து வைத்திருந்தார்.

அவர் கட்ட நினைத்தது சார்த்ர் வகையை இல்லை, அதைவிடப் பழைய ஏழு சுற்றை. கிரேக்கத்தில் பைலோஸ் என்ற இடத்தில் கி.மு. 1200 வாக்கில் யாரோ ஒரு களிமண் பலகையின் பின்பக்கத்தில் கிறுக்கி வைத்தது இந்த வடிவம்தான். ஸ்வீடன் கடற்கரைகளில் கல் பரப்பிச் செய்திருப்பதும் இதுவே. வரைகிற முறையை ஒருதடவை பார்த்தால் மறக்காது. முதலில் ஒரு கூட்டல் குறி. அது பிரிக்கும் நான்கு மூலைகளிலும் மூலைக்கு ஒன்றாக ஒரு மூலைமட்டக் கோணம். அந்தக் கோணங்களுக்கு அப்பால், நான்கு மூலைகளிலும் நான்கு புள்ளி. இவ்வளவுதான் விதை. பிறகு கூட்டல் குறியின் மேல்நுனியை, பக்கத்துக் கோணத்தின் நுனியோடு ஒரு சின்ன வளைவால் சேர்க்க வேண்டும். இந்தப் பக்கம் அடுத்த நுனியை எடுத்து, முதல் வளைவுக்கு மேலாகக் கொண்டுபோய், அந்தப் பக்கம் அடுத்த நுனியில் விட வேண்டும். இப்படியே மாறி மாறி. 16 நுனிகள், 8 வளைவுகள். கடைசி வளைவு முடியும்போது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் நடுவில் ஏழு சுற்றுப் பாதை கிடக்கும்.

அக்கா கோலப்பொடியில் விதையைப் போட்டார். முளை அடித்துக் கயிறு கட்டி நான் வளைவுகளை இழுத்துக்கொண்டு போனேன். கொழுந்து எடுத்து முடித்து எடைக்குப் போகும் வழியில் நான்கைந்து பெண்கள் நின்று பார்த்தார்கள். அதில் மூத்தவர் இலங்கையில் ஹட்டன் பக்கம் பிறந்து, சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு குழந்தையாகக் கப்பலேறி வந்தவர். 1964இல் இரண்டு பிரதமர்கள் போட்ட கையெழுத்தால் இந்தப் பக்கம் வந்த குடும்பங்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசு 1968இல் நீலகிரியில் தேயிலை நடத் தொடங்கியது; டான்டீ என்று இன்று பாக்கெட்டில் பார்ப்பது அது. அந்தம்மா கூடையை இறக்காமலே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

“டீச்சரம்மா, கோட்டைக் கோலமா போடுறீங்க?”

“கோலம் மாதிரிதான். ஆனா இது மேல நடக்கணும்.”

“எங்க பாட்டி சிலேட்டுல போட்டுக் காட்டும். உள்ள போன ராசாவுக்கு வெளிய வரத் தெரியாதுன்னு சொல்லும்.”

அபிமன்யு கதைதான். ஹளேபீடு ஹொய்சளேஸ்வரர் கோயில் சுவரில் சக்கரவியூகத்தைச் சுருள் வட்டமாகவே செதுக்கி, நடுவில் அபிமன்யுவைச் சண்டை போட வைத்திருக்கிறான் சிற்பி. வெளியே வரும் வழி அவனுக்குத் தெரியாமல் போனதுதான் பாரதத்தின் சோகம். இந்த ஏழு சுற்றிலோ உள்ளே போன வழியே வெளியே வரும் வழி; திரும்பி நின்றால் போதும். இருந்தும் நம் ஊரில் இந்த வடிவத்துக்குக் கோட்டை என்றுதான் பெயர் நிலைத்திருக்கிறது. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கங்களிலும், பொள்ளாச்சி அருகே கெடிமேட்டிலும் கல் பரப்பிய பழைய சுற்றுப்பாதைகள் இருக்கின்றன. ஊர்க்காரர்கள் ஏழுசுத்துக் கோட்டை என்கிறார்கள்.

கற்களை வரிசையில் வைத்துக்கொண்டு வரும்போது பொழுது இறங்கியது. வேலிக்கு வெளியே கிளை ஒடியும் சத்தம். ஒரு காட்டுமாடு, ஆண். முழங்கால் வரைக்கும் வெள்ளைக் காலுறை போட்டதுபோல நான்கு கால்கள், அதற்குமேல் ஒரு கருப்புச் சுவர். எங்களைப் பார்த்தது, மூச்சு விட்டது, அப்புறம் நாங்கள் போட்ட எட்டு வரிசைகளையும் குறுக்கே வெட்டிக்கொண்டு நேராக அந்தப் பக்கம் போய்விட்டது. ஒரு கல்கூட நகரவில்லை. “அதுக்குத் தியானம் தேவையில்ல போலிருக்கு” என்றார் அக்கா.

மறுநாள் காலை பனி விலகுமுன் நடந்தோம். பாதையின் அகலம் 2 அடி. வெளி வட்டம் 30 அடி விட்டம் என்றாலும் உள்ளே சுருண்டு கிடக்கும் தூரம் 100 மீட்டருக்குச் சற்று மேல். வாசலில் நுழைந்ததும் நடுப்பகுதி கைக்கு எட்டும் தூரத்தில் தெரிகிறது. ஆனால் பாதை உங்களை வெளியிலிருந்து மூன்றாவது சுற்றில் விடுகிறது. அது முடிந்து நடுவை நோக்கிப் போகும் என்று நினைத்தால் இரண்டாவது, பிறகு முதலாவது. அதாவது விளிம்புக்கே தள்ளிவிடுகிறது. அங்கிருந்து நான்கு. நான்கிலிருந்து ஒரே தாவலாக ஏழாவது சுற்று, நடுவை உரசிக்கொண்டு. வந்துவிட்டோம் என்று காலில் ஒரு வேகம் கூடும். அப்போது பார்த்து ஆறு, ஐந்து என்று மறுபடி விலகல். ஐந்தாவதின் கடைசியில், சற்றும் எதிர்பாராத திருப்பத்தில், நடு.

3, 2, 1, 4, 7, 6, 5. கணக்கு வாத்தியார் இதைத் தாளில் எழுதி வைத்திருந்தார். தாளில் பார்க்கும்போது ஒழுங்கு தெரிகிறது. காலுக்கு அது தெரிவதில்லை. முதல் தடவை நடக்கையில் நான் செய்ததெல்லாம் அடுத்து எங்கே திரும்பும் என்று ஊகித்ததுதான், ஊகம் எல்லாம் தப்பு. இரண்டாம் தடவை கரண்ட் பில், ஒரு பழைய சண்டை, காலணியில் ஏறிய ஈரம் என்று மனம் தன் போக்கில் ஓடியது. அதற்கப்புறம் ஒரு கட்டத்தில் ஊகிப்பது நின்றது. முடிவெடுக்க எதுவும் இல்லை என்பது உடம்புக்குப் புரிந்துவிட்டால் அது பாட்டுக்குப் போகிறது. அமைதி என்று இதைச் சொல்வார்களோ என்னவோ. எனக்கு அது ஒரு சின்ன ஓய்வாகத்தான் இருந்தது. நாள் முழுக்க எதையாவது தேர்ந்தெடுத்துக்கொண்டே இருக்கிறவனுக்கு அதுவே பெரிய விசயம்.

ஹட்டன் அம்மாவுக்கு வேறு கவலை. வாசலோரம் நின்று, நாங்கள் நடப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இதுல இடஞ்சுழியாவும் சுத்துதே டீச்சரம்மா. அப்படிச் சுத்தலாமா?”

சரியான கேள்வி. கோயிலில் சாமியை வலப்பக்கம் வைத்துத்தான் சுற்றுகிறோம், அண்ணாமலையையும் அப்படித்தான். இடம் சுற்றுவது சாவுக் காரியத்துக்கு. ஸ்ரீரங்கத்துக்கும் ஏழு சுற்று உண்டு. ஆனால் அங்கே கோபுரம் கோபுரமாக நேரே உள்ளே போய்விடலாம், சுற்ற விரும்புகிறவர்கள் வலமாகச் சுற்றலாம். இந்தப் பாதை ஒவ்வொரு சுற்றுக்கும் திசையை மாற்றிவிடுகிறது. அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “போகும்போது நாலு வலம், மூணு இடம். திரும்பி வரும்போது நாலு இடம், மூணு வலம். மொத்தத்துல ஏழுக்கு ஏழு. கணக்கு நேராயிடுது.” அந்தம்மா முகத்தைப் பார்த்தால் கணக்கில் நம்பிக்கை வந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் கூடையைக் கீழே வைத்துவிட்டு ஒருமுறை நடந்தார், வேகமாக, எடைக்கு நேரமாகிவிட்டதுபோல.

தோட்டத்தில் கொழுந்து எடுப்பதே நடைத் தியானம்தான் என்று எழுதிவிட ஆசை வருகிறது. சுற்றுலா விளம்பரங்கள் அப்படித்தான் எழுதுகின்றன. நிரை பிடித்துக்கொண்டு சரிவில் ஏறி இறங்கி, அட்டைக் கடியோடு கிலோ கணக்குக்காக நாள் முழுக்க நடப்பவரிடம் போய் அதைச் சொல்ல வேண்டும். பதில் தேயிலையைவிடச் சூடாகக் கிடைக்கும்.

அக்காவிடம் விடைபெற்று, குன்னூர் வழியாகக் கோத்தகிரி. இங்கே மலையின் முகம் மாறுகிறது. மேகம் குறைவு, வெயில் தெளிவு, சரிவுகளில் படகர் ஹட்டிகளின் ஓட்டுக் கூரைகள் ஒரே வரிசையாக. ஒரு ஹட்டிக்கு மேலே புல்மேட்டில் கல்திட்டை இருக்கிறது என்று காட்டினார்கள். மூன்று பக்கமும் பலகைக் கல் நிறுத்தி, மேலே ஒரு மூடுகல். உட்கார்ந்தால் தலை இடிக்கும் உயரம். உள்ளே குனிந்து பார்த்தால், பின்கல்லில் தேய்ந்துபோன புடைப்பு உருவங்கள் வரிசை: கைகூப்பிய பெண்கள், வாளோடு ஒருவன், மேலே சூரியனும் பிறையும். எண்ணெய்ப் பிசுக்கு, அணைந்த அகல், ஒரு செவ்வந்தி மாலை. தரையில் உருண்டையான கூழாங்கற்கள். மேட்டில் ஆறு கிடையாது. யாரோ கீழேயிருந்து கொண்டுவந்தவை. குறும்பரில் ஒரு பிரிவினர், ஆள் இறந்தால் ஆற்றில் உருண்ட கல் ஒன்றைக் கொண்டுவந்து இத்தகைய கல்திட்டைக்குள் வைப்பார்கள் என்று பழைய பதிவுகள் உண்டு.

அந்தப் பதிவுகளில் முக்கியமானவை ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் எழுதியவை. நீலகிரியின் முதல் கமிஷனர். மேலூர், சோலூர் என்று மலையெங்கும் அலைந்து கல்திட்டைகளையும் கல்வட்டங்களையும் படம் எடுத்து, பலவற்றைத் தோண்டவும் செய்தார். கிடைத்த வெண்கலக் கிண்ணங்களும், எருமையும் குதிரையும் சிறுத்தையும் உட்கார்ந்திருக்கும் மூடியோடு கூடிய மண்பானைகளும் எழும்பூர் மியூசியத்துக்குப் போயின. 1872இல் அவர் இறந்துபோக, அடுத்த வருசம் புத்தகத்தை வெளியிட்டது அவர் மனைவி. அந்தப் பானைகளைப் பார்க்காமல் எழும்பூரைக் கடந்துபோகிறவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. நீலகிரி என்றால் வெள்ளைக்காரன் கண்டுபிடித்த கோடை வாசஸ்தலம் என்ற நினைப்பை அந்த ஒரு அலமாரி உடைத்துவிடும்.

இந்த மலையின் கல்திட்டைக் கோயில் ஒன்றில் ஏழு சுற்று வடிவமே கீறப்பட்டிருக்கிறது. உலக அளவில் லேபிரிந்த் ஆராய்ச்சி செய்கிறவர்கள் நீலகிரியின் பேரை எடுப்பது அதனால்தான். கோவாவில் குஷாவதி ஆற்றங்கரையில் உசகளிமள் பாறையிலும் இதே வடிவம். இவற்றுக்குக் கி.மு. 2500, கி.மு. 1000 என்றெல்லாம் வயது சொல்லப்படுகிறது. பாறைக் கீறலுக்கு வயது சொல்வது லேசான காரியம் இல்லை. திட்டைக்கு வயது தெரிந்தாலும், கீறியவன் எப்போது வந்து கீறினான் என்பது வேறு கேள்வி. இந்தியாவில் உறுதியாகக் காலம் சொல்லத்தக்கவை கி.மு. 250 வாக்கில்தான் தொடங்குகின்றன. அக்காவிடம் போனில் இதைச் சொன்னேன். “அப்போ நான் சான் பிரான்சிஸ்கோ போய்ப் பாத்துட்டு வந்தது இதைத்தானா?” என்று சிரித்தார்.

ஊட்டியில் ஃபெர்ன்ஹில்லில் கர்நாடக அரசின் தோட்டக்கலைப் பூங்கா, 38 ஏக்கர். அதற்குள் செடிச்சுவர் வைத்த புதிர்த் தோட்டம் ஒன்று உண்டு. இது வேறு சாதி. கிளை வழிகள், முட்டுச்சந்துகள், ஏமாற்றும் திருப்பங்கள். ஒரு பள்ளிக்கூடப் பஸ் நிறையப் பிள்ளைகள் உள்ளே புகுந்திருந்தார்கள். செடிக்கு இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் கத்துகிறார்கள். ஒருத்தி வழி கண்டுபிடித்து வெளியே வந்து, கண்டுபிடித்த பெருமையில் மறுபடி உள்ளே ஓடுகிறாள். பையன்கள் இரண்டு பேர் செடிக்கு நடுவே சந்து பார்த்து நுழைந்து, தோட்டக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். வாசலோரம் நின்ற வாத்தியார் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். புதிரில் ஆள் தொலைய முடியும், அதனால்தான் அதில் இவ்வளவு சிரிப்பு. ஏழு சுற்றில் இந்தக் கூத்து நடக்காது. கொலக்கம்பையில் நாங்கள் யாரும் சிரிக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அது நல்லதா என்றும் ஒரு சந்தேகம்.

அரசு தாவரவியல் பூங்காவின் மேற்சரிவில் ஏறினால் மஞ்சக்கல் மந்து. தோடர் குடியிருப்பு. பீப்பாயைப் பாதியாகப் பிளந்து கவிழ்த்ததுபோல வளைந்த கூரை, குனிந்து தவழ்ந்தால் மட்டுமே நுழையக்கூடிய வாசல், சுற்றிலும் வட்டமான கல்சுவர். அதற்குப் பக்கத்தில் சிமெண்ட் வீடுகள், டிஷ் ஆன்டெனா. வெள்ளைப் போர்வையில் சிவப்பும் கறுப்புமாக நூல் எண்ணி எண்ணிப் பூவேலை செய்துகொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள்.

கேம்பிரிட்ஜிலிருந்து வந்த டபிள்யூ.ஹெச்.ஆர். ரிவர்ஸ் 1901, 1902இல் தோடர்களிடையே தங்கி எழுதிய பெரிய புத்தகம் 1906இல் வந்தது. அதில் என்னை விடாமல் பிடித்துக்கொண்ட பகுதி, செத்தவர்கள் நடக்கும் பாதை. தோடருக்கு மறுவுலகம் ஆகாயத்தில் இல்லை, மேற்கே இருக்கிறது. அங்கே போகும் வழி பெயர் சொல்லித் தெரிந்த வழி. இந்தப் பாறை, இந்த ஓடை, இந்தச் சோலை. ஆளும் அவரோடு போகும் எருமைகளும் நடந்துதான் போக வேண்டும். வழியில் ஒரு கல் வரும். அதைக் கையால் தட்ட வேண்டும். தட்டியதும் இந்த உலகத்தின் மேலுள்ள பாசம் போய்விடும். அப்பால் ஒரு சோலையில் ஒரு மரம். அதைத் தட்டினால் நோயெல்லாம் போய்விடும். மறுவுலகத்திலும் நடைதான். நடந்து நடந்து கால்கள் தேயும். முழங்கால் வரைக்கும் தேய்ந்ததும் வேறு மனிதராக இங்கே திருப்பி அனுப்பப்படுவார்கள்.

நடப்பதால் எதையாவது இறக்கி வைக்கலாம் என்ற எண்ணத்தை இதைவிடச் சுத்தமாக யாரும் சொல்லி நான் படித்ததில்லை. சார்த்ரோ சான் பிரான்சிஸ்கோவோ இவ்வளவு தூரம் போகவில்லை.

இதில் ஒரு தொடர்ச்சியும் இருக்கிறது. ரிவர்ஸ் 1914இல் தன் மாணவர் ஜான் லேயர்டை பசிபிக் கடலில் மாலெகுலா தீவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அந்தத் தீவிலும் செத்தவர் நடந்துதான் போகிறார். வழியில் ஒரு காவல் பேய் மணலில் ஒரு சுழல் கோலம் போட்டுக் காத்திருக்கும். ஆள் வந்ததும் பாதியை அழித்துவிடும். உயிரோடிருந்தபோது அந்தக் கோலத்தைக் கற்றவர் மீதியை முடித்து, அதன் வழியாக நடந்து அப்பால் போவார். கற்காதவரைப் பேய் தின்றுவிடும். இந்தக் கதையோடு பல வருசம் மல்லாடிய லேயர்ட் 1937இல் ஃபோக்லோர் பத்திரிகையில் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். தென்னிந்திய வாசல் கோலங்களும் பச்சைகுத்து வடிவங்களும் அதே லேபிரிந்த் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது அவர் வாதம். எல்லாவற்றையும் ஒரே முடிச்சில் கட்டிவிடும் அந்தக் காலத்து ஆர்வம் அதில் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கிறது. ஆனாலும் புள்ளி வைத்து ஆரம்பித்து, கை எடுக்காமல் சுற்றி, தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும் சிக்குக் கோலத்தையும், கொலக்கம்பையில் கோலப்பொடியில் போட்ட அந்த விதையையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்துவிட்ட எனக்கு அவரை அப்படியே ஒதுக்க மனம் வரவில்லை.

மந்தில் போர்வை போர்த்தி வெயில் காய்ந்துகொண்டிருந்த பெரியவரிடம் பேச்சு கொடுத்தேன். தமிழ் நன்றாகப் பேசினார். புத்தகத்தில் படித்ததைச் சொன்னதும், “வெள்ளக்காரன் எழுதினது பாதிதான் சரி” என்றார். மீதி என்ன என்று கேட்டதற்குச் சொல்லவில்லை. எழுந்து நின்று மேற்கே கை நீட்டினார். வளைந்த மூக்குபோல முக்குருத்திச் சிகரம் அந்தப் பக்கம்தான், இங்கிருந்து தெரியாது, நடுவில் மலைகள்.

“அந்த வழி இன்னும் அப்படியே இருக்குங்களா?”

“வழி எங்க போகும்? நடுவுல டேம் கட்டியிருக்கான். தண்ணிக்கடியில கொஞ்சம் இருக்கு.”

“நீங்க நடந்து பாத்திருக்கீங்களா?”

“சின்ன வயசுல எருமையோட கொஞ்ச தூரம். இப்ப அது நேஷனல் பார்க். செத்தவங்களுக்குக் கேள்வி இல்ல, அவங்க பாட்டுக்குப் போவாங்க. நாம போகணும்னா ஃபாரஸ்ட் ஆபீஸ்ல லெட்டர் கொடுக்கணும்.”

“கொடுத்தா விடுவாங்களா?”

“ரெண்டு போட்டோ, ஆதார் ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போங்க” என்றார்.